மறுநாள் மொண்ட தண்ணீர்

ஓடை நீரைச் சோதிக்க வரும் மாசுக் கட்டுப்பாடு, மீன்வளம், வேளாண்மை, தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கும், கம்பம் பள்ளத்தாக்கில் என்னைப் போலவே திராட்சைப் பந்தல் போட்டு மருந்து அடிக்கும் விவசாயிகளுக்கும்,

வணக்கம்.

ஓடையில் மீன் செத்து மிதந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். யாராவது செல்போனில் படம் எடுப்பார்கள், அது வாட்ஸ்அப்பில் சுற்றும். மறுநாளோ அதற்கும் மறுநாளோ ஒரு ஜீப் வரும். பாலத்துக்கு அடியில் இறங்கத் தோதான இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் மொண்டுகொண்டு போவார்கள். சில வாரம் கழித்து, விடாமல் கேட்டவர்களுக்கு மட்டும், 'அளவீடுகள் வரம்புக்குள் உள்ளன' என்று பதில் வரும். அதற்குள் இங்கே அடுத்த கவாத்து முடிந்து அடுத்த சுற்று மருந்தும் அடித்தாகியிருக்கும்.

அந்த அறிக்கையில் பொய் எதுவும் இருக்காது. மொண்ட தண்ணீர் நல்ல தண்ணீர்தான். நொடிக்கு ஓர் அடி வேகத்தில் ஓடுகிற சாதாரண ஓடை மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. நேற்றுக் காலையில் விழுந்த விஷம் இன்று காலையில் 25 கிலோமீட்டர் தள்ளி முல்லையாற்றிலோ வைகையிலோ கலந்துகொண்டிருக்கும். நீங்கள் பாட்டிலில் பிடித்தது, மீன் செத்த பிறகு மலையிலிருந்து புதிதாக இறங்கி வந்த நீர். அதை எந்த லேபுக்கு அனுப்பினாலும் அது வேறு என்ன சொல்லும்?

இந்த மடலில் நான் கேட்பது ஒன்றுதான். விவசாய மருந்தால் மீன் செத்தது என்ற சந்தேகம் வரும்போது, தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டு ஓடையைச் சோதித்ததாக எழுதாதீர்கள். மீனையும், கல்லுக்கடியில் இருக்கும் பூச்சியையும், அடிமணலையும் கேளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 'வரம்பு'. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை ஏ முதல் இ வரை ஐந்தாகப் பிரித்திருக்கிறது. வனவிலங்குக்கும் மீன்வளத்துக்கும் உரியது 'டி' வகுப்பு. அதற்கு மூன்றே மூன்று அளவுகள்: கார அமில நிலை (pH) 6.5 முதல் 8.5 வரை, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், தனி அம்மோனியா (நைட்ரஜன் கணக்கில்) 1.2 மில்லிகிராம் அல்லது அதற்குக் கீழ். அவ்வளவுதான். செம்பு பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பூச்சிக்கொல்லி பற்றியும் கிடையாது. சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்து ஒரு கல்லொட்டி மீன் கூட மிஞ்சாத ஓடை, இந்த மூன்றிலும் முதல் மதிப்பெண் வாங்கித் தேறிவிடும்.

அந்த அம்மோனியா அளவையும் கொஞ்சம் பாருங்கள். ஐரோப்பாவில் மீன் வாழும் நன்னீருக்கென்று 1978-இல் போட்ட சட்டத்தில் அயனியாகாத அம்மோனியாவுக்கு (தனி அம்மோனியா என்பதும் இதுதான், மீனைக் கொல்லும் வடிவம்) விதித்த உச்சவரம்பு லிட்டருக்கு 0.025 மில்லிகிராம். நம்முடையது ஏறக்குறைய ஐம்பது மடங்கு. போதாக்குறைக்கு, லேபில் அளப்பது பெரும்பாலும் மொத்த அம்மோனியா. அதில் எத்தனை பங்கு மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கிறது என்பதைக் கார அமில நிலையும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 25 டிகிரி வெப்பத்தில் கார அமில நிலை 7 என்றால் நூற்றில் அரைப் பங்குதான் விஷம். 8 என்றால் ஐந்து பங்குக்கு மேல். 9 என்றால் முப்பத்தாறு பங்கு. பாசி பிடித்த ஓடையில் பிற்பகல் வெயிலில் கார அமில நிலை தானாகவே ஏறும். ஆக, கோழி எருவோ யூரியாவோ மழையில் வழிந்து வந்த ஓடையில் காலை ஏழு மணிக்கு எடுத்த நீரும் மூன்று மணிக்கு எடுத்த நீரும் ஒன்றல்ல. எடுத்த இடத்திலேயே வெப்பத்தையும் கார அமில நிலையையும் அளந்து, நேரத்தையும் எழுதாத அம்மோனியா எண்ணால் யாருக்கும் பயனில்லை.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லோருக்கும் பெருமைதான். அந்தத் திராட்சையை அடிச்சாம்பல் நோயிடமிருந்து காப்பாற்றுவது எவ்வளவு பெரிய பாடு என்பது பந்தலுக்குள் குனிந்து நடந்தவர்களுக்குத்தான் தெரியும். அதற்குப் பழைய கைமருந்து போர்டோ கலவை: ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். கலந்ததும் எங்கள் ஆட்கள் இரும்புக் கத்தியையோ பன்னரிவாளையோ அதில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்துப் பார்ப்பார்கள். அலகில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகிவிடும் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவு ஊற்றி மறுபடி முக்குவார்கள். அலகு வெளுப்பாக வரும்வரை விடமாட்டார்கள். இலைக்காக இவ்வளவு நுணுக்கமாகச் சோதிக்கிற நாம், டிரம்மைக் கழுவி ஓடையில் ஊற்றும்போது எதையும் முக்கிப் பார்ப்பதில்லை.

கணக்கு இதுதான். மயில்துத்தத்தில் எடைக்குக் கால் பங்கு செம்பு. நூறு லிட்டரில் 250 கிராம், அதாவது லிட்டருக்கு 2,500 மில்லிகிராம். மென்னீரில் வாழும் மீனுக்கும் பூச்சிக்கும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் சில பங்கு செம்பே ஆபத்து. 0.025 மில்லிகிராம் அளவுக்குத் தணிய வேண்டுமானால் ஒரு லிட்டர் கலவைக்கு ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். சுண்ணாம்பு செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அத்தனையும் கரைந்து நிற்காது என்பது உண்மை. அதனால்தான் அது நீரில் குறைவாகவும் அடிமணலில் அதிகமாகவும் இருக்கும். மலையிலிருந்து நேரே இறங்கும் ஓடைகளில் சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதால் செம்பின் கடுமையும் அங்கே கூடுதல். நீரில் செம்பு இல்லை என்று அறிக்கை எழுதும் முன் கால்படி மணலையும் எடுத்துப் போங்கள் என்று நான் கேட்பது இதற்காக.

செம்பை விட்டால் மற்றவை. சைபர்மெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவிலேயே மீனை அடிக்கக்கூடியவை. நீர்ப்பூச்சிகளுக்கு அதுகூட வேண்டாம். இவை நீரில் அதிக நேரம் நிற்காமல் சேற்றிலும் இலைச்சருகிலும் போய் ஒட்டிக்கொள்ளும். பாட்டில் மறுபடியும் வெறுங்கையோடுதான் திரும்பும்.

ஆகவே மீனைக் கேளுங்கள். செத்துக் கிடப்பவையே நிறையச் சொல்லும், ஆனால் அன்றைக்கே கேட்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்து செத்திருந்தால் சாவு பெரும்பாலும் விடியற்காலையில் நடக்கும், பெரிய மீன்கள் முதலில் போகும், மீதி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். விஷம் என்றால் பொடி மீன்கள் முதலில் போகும், நண்பகலிலும் போகும், பூச்சிகளும் கூடவே சாகும். நம்மூரில் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. விரால், தேளி போன்றவை மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன்கள். அயிரைக் குடும்பத்திலும் காற்றை விழுங்கிக் குடல் வழியாக ஆக்சிஜனை எடுக்கிற இனங்கள் உண்டு. அண்டாவில் கொஞ்சம் தண்ணீரில் மணிக்கணக்காகத் துள்ளிக்கொண்டிருக்கும் அயிரையைப் படி போட்டு வாங்கி, கல்லுப்பு போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவிக் குழம்பு வைக்கிற ஊர்க்காரர்களுக்கு அதன் உயிர் எவ்வளவு கெட்டி என்று சொல்லித் தரவேண்டியதில்லை. அந்த அயிரையும் விராலும் சேர்ந்து செத்துக் கிடக்கும் இடத்தில் 'ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்திருக்கலாம்' என்று யாராவது எழுதினால், அவர் ஓடையில் இறங்கிப் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வோம்.

குளோர்பைரிஃபாஸ் போன்ற பாஸ்பரஸ் மருந்துகள் நரம்பில் வேலை செய்யும் ஒரு நொதியை முடக்குகின்றன. மீனின் மூளையில் அந்த நொதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தால் போதும், நீரில் மருந்து கரைந்து ஓடிப்போயிருந்தாலும் அது அங்கே வந்துபோனது தெரிந்துவிடும். அதற்கு அழுகிய மீன் உதவாது. உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிற மீன், இல்லையென்றால் செவுள் இன்னும் சிவப்பாக இருக்கிற மீன் வேண்டும். அலுமினியத் தாளில் சுற்றி ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். சந்தையில் மீன் விற்கும் அம்மாவிடம் ஐஸ் இருக்கிறது. ஜீப்பில்தான் இருப்பதில்லை.

பாட்டில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். பூச்சிக்கொல்லிக்கு எடுக்கும் நீரைப் பிளாஸ்டிக்கில் பிடித்தால் மருந்து பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் வேண்டும், குளிரில் வைக்க வேண்டும். செம்புக்கு எடுப்பதென்றால் பிளாஸ்டிக் சரி, ஆனால் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். கரைந்த ஆக்சிஜனை அங்கேயே மீட்டரில் அளக்க வேண்டும், அல்லது மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டு அங்கேயே நிலைப்படுத்த வேண்டும். ஒரே பாட்டிலில் எல்லாவற்றையும் பிடித்து மதுரைக்குப் பஸ்ஸில் அனுப்பினால் கிடைக்கிற எண், பஸ்ஸின் டிக்கியில் என்ன நடந்தது என்பதன் கணக்கு. இதெல்லாம் உங்கள் கையேடுகளில் இருப்பதுதான். கையேடு ஆபீஸிலேயே இருந்துவிடுவதுதான் குறை.

இனி பூச்சி. எனக்கு இதுதான் முக்கியம். கணுக்கால் அளவு நீர் சலசலவென்று ஓடுகிற இடத்தில், வலையை நீரோட்டத்துக்கு எதிராகத் தரையோடு பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் நின்று மூன்று நிமிடம் காலால் கல்லைக் கிளற வேண்டும். வலையில் சேர்வதை வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பாருங்கள். தட்டையான உடம்போடு வாலை நீட்டிக்கொண்டு ஓடும் மே ஈயின் குஞ்சுகள், சிறு கல்லையும் மணலையும் ஒட்டி வீடு கட்டிக்கொண்டு அதையே இழுத்துக்கொண்டு நகரும் புழுக்கள், தும்பியின் குஞ்சு, நத்தை, சிவப்பு ரத்தப்புழு எல்லாம் கிடைக்கும். எந்தக் குடும்பம் மாசைத் தாங்கும், எது தாங்காது என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் தரும் முறையை பிரிட்டனில் 1970-களின் கடைசியில் உருவாக்கினார்கள். கல்லில் தட்டையாக ஒட்டி வாழும் மே ஈக் குடும்பத்துக்குப் பத்து, ரத்தப்புழுவுக்கு இரண்டு, மண்புழு வகைக்கு ஒன்று. நம் மத்திய வாரியமும் இதைத் தழுவி நம் நாட்டு ஆறுகளுக்கென்று உயிரியல் தர அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறது. சராசரி மதிப்பெண் ஏழும் அதற்கு மேலும் என்றால் சுத்தம், இரண்டுக்குக் கீழே என்றால் படுமோசம். அளவுகோல் இருக்கிறது, வலையும் மலிவுதான். எங்கள் ஓடைகளில் அதை யாரும் வீசிப் பார்ப்பதில்லை.

பூச்சிக் குஞ்சு மாதக்கணக்கில் அதே கல்லடியில் கிடக்கிற உயிர். போன வாரம் வந்துபோன மருந்து அதைக் கொன்றிருந்தால் இந்த வாரமும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். அடுத்த தலைமுறை மேலிருந்து மிதந்து வந்தோ பறந்து வந்து முட்டையிட்டோதான் அந்த இடம் நிரம்பும். மருந்துக்குச் சட்டென்று சாகிற, மெதுவாகத் திரும்பி வருகிற இனங்கள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்பதை வைத்தே பூச்சிக்கொல்லி மாசைக் கண்டுபிடிக்கும் 'ஸ்பியர்' என்ற குறியீட்டை ஜெர்மனியில் 2005 வாக்கில் உருவாக்கினார்கள். அதே ஜெர்மனியில் 2018, 2019-இல் வயல்வெளிச் சிற்றோடைகள் நூற்றுக்கும் மேலானவற்றை ஆராய்ந்தார்கள். மழை பெய்து நீர்மட்டம் ஏறும்போது தானாகவே நீரை மொண்டுகொள்ளும் கருவியையும் வைத்தார்கள். ஐந்தில் நான்கு ஓடைகளில் ஏதாவது ஒரு மருந்தாவது அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அவ்வப்போது போய் மொண்ட நீரைவிட மழைநேர நீரில்தான் அது அப்பட்டமாகத் தெரிந்தது. இத்தனைக்கும் சட்டமும் கருவியும் ஆளும் உள்ள நாடு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். எங்கள் ஓடைகளில் பாதி கோடையில் வறண்டுபோகும். வறண்டு மீண்ட ஓடையில் மதிப்பெண் குறைவாக இருப்பது மருந்தின் குற்றமாகாது. அதனால் மொத்த மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதாதீர்கள். தோட்டங்களுக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம், ஒரே நாளில், ஒரே மாதிரிக் கல்லும் ஓட்டமும் உள்ள இடமாகப் பார்த்து எடுங்கள். மேலே மதிப்பெண் அதிகமாகவும் கீழே மிகக் குறைவாகவும் இருந்தால் நடுவில் ஏதோ நடக்கிறது. ஊர்ச் சாக்கடை கலக்கும் இடம் நடுவில் இருந்தால் அதற்கு முன்னும் பின்னும் இன்னொன்று எடுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டு மீன் பிடிக்கிற புண்ணியவான்களும் இங்கே உண்டு. அவர்கள் செய்ததற்கு விவசாயியின் தலையில் பழி விழக்கூடாது, விவசாயி செய்ததை அவர்கள் பெயரைச் சொல்லி மறைக்கவும் கூடாது.

இன்னொன்று. லேபுக்கு 'விஷம் இருக்கிறதா பார்' என்று எழுதி அனுப்பினால் வேலை நடக்காது. எந்த மருந்து என்று சொன்னால்தான் அதற்குரிய முறையில் தேடுவார்கள். அது எங்கே தெரியும்? ஊர் மருந்துக்கடையின் இருப்புப் பதிவேட்டில் தெரியும். மீன் செத்த வாரத்தில் எது அதிகம் விற்றது என்று பார்க்க வேளாண் அலுவலருக்கு அதிகாரம் இருக்கிறது. நீர் எடுப்பவர் ஒரு துறை, பதிவேட்டைப் பார்ப்பவர் ஒரு துறை, மீனைப் பார்ப்பவர் ஒரு துறை. இந்த மூவரும் ஒரே நாளில் ஒரே ஓடையில் நின்றதாக எங்கள் ஊரில் யாருக்கும் நினைவில்லை.

விவசாயிகளே, உங்களிடமும் பேச வேண்டும். டப்பாவில் இருக்கும் முக்கோணத்தை நம்பாதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்பது எலி போன்ற ஆய்வு விலங்குகளுக்கு அது எவ்வளவு கடுமை என்பதை வைத்து வந்த நிறம். அதாவது நமக்கு ஆபத்து எவ்வளவு என்பதன் குறிப்பு. மீனுக்கும் அந்த நிறத்துக்கும் சம்பந்தமில்லை. பச்சை முக்கோணம் போட்ட மருந்தாலும் ஓடையைக் காலி செய்ய முடியும். டேங்கைக் கழுவிய தண்ணீரை ஓடைக்குக் கொண்டுபோகாமல் பந்தலுக்குள்ளேயே, மருந்து படாத வரிசையில் அடித்துவிடுங்கள். வானம் இருண்டுகொண்டு வரும்போது அடிக்காதீர்கள், உங்கள் காசும் சேர்ந்துதான் வழிந்தோடுகிறது. மீன் செத்தால் வாயை மூடிக்கொள்வது நம் பழக்கம், 'நம்ம ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது' என்று. முல்லையாறு வைகைக்குப் போகிறது, வைகை அணையிலிருந்து மதுரைக்குக் குடிநீர் போகிறது. அங்கே நம்ம ஆட்கள் இல்லையா?

சட்டம் பற்றி நீட்டமாட்டேன். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் ஓடை என்பதற்குள் தற்காலிகமாக வறண்டு கிடக்கும் நீர்வழியும் அடங்கும். தெரிந்தே நஞ்சை அதில் விடக்கூடாது என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. தொழிற்சாலைக்கு மட்டும் என்று அதில் இல்லை. அதற்காக ஐந்து ஏக்கர்க்காரனைக் கோர்ட்டுக்கு இழுங்கள் என்று நான் கேட்கவில்லை. யார் என்று தெரிந்துகொள்ளும் முன்பே எது என்று தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன். எந்த மருந்து, எந்த மாதத்தில், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தால், பாதிப் பிரச்சினையை ஊர்க்கூட்டத்திலேயே பேசித் தீர்க்கலாம்.

வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு பெட்டி: இரண்டு பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், அமிலம் விட்ட பாட்டில் ஒன்று, கார அமிலத் தாள், வெப்பமானி, அலுமினியத் தாள், என்ன நேரம் எந்த இடம் என்று எழுத ஓர் அட்டை. மீன் மிதப்பதை முதலில் பார்ப்பவர் ஆடு மேய்ப்பவராகவோ மோட்டார் போட வந்தவராகவோதான் இருப்பார். அவர் ஓடிவந்து சொன்ன ஒரு மணி நேரத்துக்குள் நீரும் மீனும் எடுத்தாகியிருக்க வேண்டும். அப்படி எடுத்ததை 'அதிகாரி எடுத்த சாம்பிள் அல்ல' என்று ஒதுக்காமல், காரணம் தேடவாவது ஏற்றுக்கொள்ள வேண்டும். வழக்குக்கு உங்கள் முறைப்படி தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு, ஆண்டுக்கு இரண்டு முறை, கோடையில் நீர் குறையும் முன்னும் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும், குறித்த இடங்களில் வலை போட்டு எண்ணி வையுங்கள். மாவட்டக் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நல்ல நாளில் ஓடையில் என்ன இருந்தது என்ற கணக்கு இல்லாமல், கெட்ட நாளில் என்ன போனது என்று எப்படிச் சொல்வீர்கள்? அந்தக் கணக்கை ஊராட்சிப் பலகையில் தமிழில் ஒட்டுங்கள்.

ஐப்பசி மழைக்குப் பந்தல்களில் மருந்து அடிப்பு மும்முரமாக இருக்கும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் பக்கம் எந்த ஓடையை வேண்டுமானாலும் நீங்களே தேர்ந்தெடுங்கள், முதல் பெருமழை பெய்கிற அன்றைக்கு வாருங்கள். வலையும் வெள்ளைத் தட்டும் நான் வைத்திருக்கிறேன். கண்ணாடிப் பாட்டிலும் ஐஸ் பெட்டியும் உங்கள் பொறுப்பு. வருகிற தேதியை மட்டும் முன்கூட்டியே ஊராட்சியில் சொல்லிவிடுங்கள், மேலே உள்ள தோட்டக்காரர்களையும் கூட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயி ஒருவன்